குறிப்பு எதன்மேல் நிற்கிறது?

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் விமர்சனத்துக்குப் பழகிப்போனவை. கொழும்பிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் சுவைஞர் அறிக்கையைச் சொல்கிறேன். தோட்டத்தில் பறித்த கொழுந்து வாடி, உருண்டு, நொதித்து, உலர்ந்து, சலித்து, சாக்கில் அடைபட்டதும் அந்தத் தொகுதிக்கு ஓர் இன்வாய்ஸ் எண் விழும். அந்த எண்ணோடும் தோட்டத்தின் விற்பனைப் பெயரோடும் மாதிரி ஒன்று தரகு நிறுவனத்துக்குப் போகும். அங்கே வரிசையாகக் கிண்ணங்கள். சுவைஞர் காய்ந்த இலையைக் கையில் பரப்பிப் பார்ப்பார், ஊறிய சக்கையை முகர்வார், சாயத்தைச் சத்தமாக உறிஞ்சித் துப்புவார். வாயிலிருந்து ஒன்றோ இரண்டோ சொல் வரும். பக்கத்தில் நிற்பவர் அதை எழுதிக்கொள்வார். அடுத்த கிண்ணம்.

அந்த ஒன்றிரண்டு சொற்கள் மலையேறித் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும்போது டீமேக்கருக்கு விளக்கவுரை தேவைப்படாது. ‘பேக்கி’ என்று இருந்தால் ட்ரையரில் சூடு கூடிவிட்டது, ஈரம் அளவுக்கு மேல் போய்விட்டது. ‘ஸ்டியூட்’ என்றால் அதற்கு நேர்மாறு: சூடு போதவில்லை, காற்றோட்டமும் போதவில்லை, இலை உலர்வதற்குப் பதிலாக வெந்துவிட்டது. ‘ஸ்மோக்கி’ என்றால் உலர்த்தும் அடுப்பில் எங்கோ புகை கசிகிறது. இந்தச் சொற்களுக்கு உலகப் பொது வரையறையும் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 6078 என்ற தரம் கருந்தேயிலையின் சொற்களைத் தொகுத்துப் பொருள் சொல்கிறது. சோதனைத் தேநீர் ஊற்றுவதற்குக்கூடத் தரம் உண்டு: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் இலை, கொதித்த நீர், 6 நிமிடம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 3103. அதற்கு மூலமான பிரித்தானியத் தரத்தின் ஆறு பக்கங்களுக்காக 1999இல் கேலிக்குரிய இக்நோபல் பரிசைக் கொடுத்தார்கள், அதுவும் இலக்கியப் பிரிவில். சிரிக்கலாம். ஆனால் இரண்டு சுவைஞர்கள் ஒரே தேநீரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு அந்த ஆறு பக்கம்தான் உத்தரவாதம்.

சொல்லைவிட முக்கியமானது சொல்லோடு ஒட்டியிருக்கும் எண். ‘உங்கள் தேயிலை பேக்கி’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது வசை. இன்வாய்ஸ் எண்ணோடு சொன்னால் டீமேக்கர் தன் புத்தகத்தைத் திறப்பார். எந்த நாள் கொழுந்து, எத்தனை மணிக்கு ட்ரையரில் ஏறியது, அன்று வெளியே காற்று எப்படி என்று பின்னோக்கி நடந்து போய்க் கோளாறு நடந்த இடத்தைத் தொடலாம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்றில்தான், பதுளை அடங்கிய ஊவாவுக்கே உரிய மணம் சேர்கிறது. மெதைல் சாலிசிலேட் போன்ற ஆவியாகும் பொருள்கள் அப்போது இலையில் கூடுகின்றன. அந்த வாரங்களில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் விலையில் பெரிய இடைவெளி விழக்கூடும். ‘போன மாதத் தேயிலை நன்றாக இருந்தது’ என்ற பாராட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த விலை முடிவாகும் இடம் கொழும்பு ஏலம். 1883இல் தொடங்கிய அது 2020 ஏப்ரலில், கொள்ளைநோய் ஊரடங்குக்கு நடுவே, இணையத்துக்கு மாறியது. பட்டியல், கேள்வி, விலை எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. கிண்ணம் மட்டும் வரவில்லை. மாதிரிப் பொட்டலம் இன்னமும் கைமாறித்தான் ஆக வேண்டும்.

பதுளை மாவட்டத்திலேயே வேறொரு வேலையைப் பார்ப்போம். பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து புவியியல் பாடத்துக்கு ஒரு பயிற்சிக் கையேடு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வரைவை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ‘ரெண்டாவது பக்கத்துல அந்த வசனம் சரியில்ல சேர்’ என்று ஒரு பதில். இன்னொருவர் காகிதத்தில் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தி, படம் பிடித்து அனுப்புகிறார். மூன்றாமவர் கோப்பை இறக்கித் தானே திருத்தி வேறு பெயரில் ஏற்றிவிடுகிறார். இப்போது ‘ரெண்டாவது பக்கம்’ என்பது எந்தக் கோப்பின் இரண்டாம் பக்கம்? கைபேசியில் பார்த்தவருக்கு அது மூன்றாம் பக்கமாகவும் இருந்திருக்கும். கருத்துகள் ஏராளமாக வந்துவிட்டன, எதற்கும் இன்வாய்ஸ் எண் இல்லை.

பகிர்ந்த ஆவணத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதும் வசதி இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். எல்லோரும் ஒரே கோப்பை இணையத்தில் திறக்கிறார்கள். ஒரு சொல்லைத் தேர்ந்து அதன்மேல் குறிப்பு வைக்கிறார்கள். பார்ப்பதற்கு எளிது. ஆனால் எழுதியது மாறிக்கொண்டே இருக்கும்போது குறிப்பு தன் இடத்தை எப்படித் தெரிந்து வைத்துக்கொள்கிறது என்பது கணினியியலில் முப்பது ஆண்டுக்கு மேலாக மூளையைக் குடைந்த கேள்வி.

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக் கையால் செய்து பார்க்கலாம். ஆவணத்தில் ‘ஊவா மலைகள்’ என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு ‘மலைகள்’ நான்கு எழுத்து: ம, லை, க, ள். கணினிக்கு ஆறு குறி. லகரம் ஒன்று, அதன் ஐகாரக் குறி இன்னொன்று, ளகரம் ஒன்று, அதன் புள்ளி இன்னொன்று. யூனிகோட் தமிழை அப்படித்தான் சேமிக்கிறது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் ‘ஊவா’ மூன்று குறி, இடைவெளி நான்காவது, ‘மலைகள்’ ஐந்து முதல் பத்து வரை. லுணுகலை ஆசிரியர் அந்தச் சொல்லைத் தேர்ந்து, ‘எந்த மலைகள்? நமுனுகுலவின் பெயரைச் சேர்க்கலாமே’ என்று குறிப்பு வைக்கிறார். கருவி அதை ‘5 முதல் 10 வரை’ என்று பதிகிறது.

அதே நேரத்தில் ஹப்புத்தளை ஆசிரியர் நடுவில் ‘மாகாண’ என்ற சொல்லை நுழைக்கிறார்: ‘ஊவா மாகாண மலைகள்’. இடைவெளியோடு ஆறு குறி புதிதாகப் புகுந்தது. லுணுகலையின் குறிப்பு பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தால் 5 முதல் 10 வரை இருப்பது ‘மாகாண’வும் அதன் பின் இடைவெளியும். ‘எந்த மலைகள்?’ என்ற கேள்வி மாகாணத்தின் தலையில் போய் உட்காரும். திருத்துபவர் குழம்புவார், அல்லது குறிப்பெழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு முதலில் வந்த தீர்வு எண்களைத் திருத்திக்கொண்டே போவது. ‘ஐந்தாம் இடத்தில் ஆறு குறி புகுந்தது’ என்ற செய்தி வந்தால், ஐந்துக்கும் அதற்கு அப்பாலும் உள்ள எல்லா இடங்களோடும் ஆறைக் கூட்டு. குறிப்பு 11 முதல் 16 வரை நகர்ந்துவிடும். அங்கே ‘மலைகள்’ இருக்கிறது. 1989இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இருவர் இந்த உத்தியை முறையாக எழுதினார்கள். ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப உருமாற்றிப் பிறகு செயற்படுத்துவது என்பதே சாரம். அவர்களுடைய முதல் வடிவத்தில் ஓட்டை இருந்தது. குறிப்பிட்ட சில வரிசைகளில் மாற்றங்கள் வந்தால் இரண்டு திரைகளில் இரண்டு விதமான வாசகம் நின்றுவிடும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1995இல் ஜெரொக்ஸ் ஆய்வகத்தின் ஜூப்பிட்டர் என்ற அமைப்பு நடுவில் ஒரு சேவையகத்தை வைத்து, எது முன், எது பின் என்று அதையே தீர்மானிக்கச் செய்தது. 2010இல் கூகுள் டாக்ஸ் புதிதாக எழுதப்பட்டபோது இந்த வழியில்தான் போனது.

இந்த வழி வேலை செய்கிறது. இன்று பெரும்பாலானோர் தொடுவது இதைத்தான். ஆனாலும் அடிப்படையில் இது இடத்தை எண்ணும் கணக்கு. தொழிற்சாலையின் களஞ்சியத்தில் ‘இடப்பக்கம் நாலாவது சாக்கு’ என்று சொல்லி வைத்துவிட்டு, ஒவ்வொரு சாக்கு நகரும்போதும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டிருப்பது போன்றது. சாக்கு எங்கே கிடந்தாலும் இன்வாய்ஸ் எண் அதன் உடம்பிலேயே இருந்தால் இந்த ஓட்டம் தேவையில்லை.

2011இல் மார்க் ஷபீரோவும் சக ஆய்வாளர்களும் முறைப்படுத்திய இன்னொரு வழி ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு குறிக்கும், அது தட்டப்படும் கணத்திலேயே, மாறாத ஓர் அடையாளம் தரப்படுகிறது: எந்தக் கருவியில் பிறந்தது, அந்தக் கருவியில் எத்தனையாவதாகப் பிறந்தது. குறிப்பு இடத்தைப் பிடிக்காமல் அந்த அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் நூறு பக்கம் நுழைந்தாலும் அதற்குக் கவலையில்லை. நடுவில் ஒரு சேவையகம் இருந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு கருவிகளும் எந்த வரிசையில் செய்திகளைப் பெற்றாலும் கடைசியில் ஒரே வாசகத்துக்கு வந்து சேரும் என்று கணிதம் உறுதி கொடுக்கிறது.

மலைநாட்டில் இந்த உறுதிக்கு விலை அதிகம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. மழை பிடித்தால் மின்சாரமும் போகும். இணைப்பு அறுந்திருக்கும்போது ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியதும், இன்னொருவர் பதுளை நகரத்தில் இணைப்போடு இருந்து திருத்தியதும் பிறகு சேர வேண்டும். எளிமைக்காக எல்லாம் உடனுக்குடன் நடக்கும் என்று எண்ணிக் கட்டிய கருவி இங்கேதான் முதலில் திணறும்.

நீக்கம்தான் இன்னும் நுட்பமான இடம். குறிப்பு தொங்கிக்கொண்டிருந்த வசனத்தையே ஒருவர் அழித்துவிட்டால்? அடையாள முறையில் அழித்த குறிகள் உண்மையில் போவதில்லை; கண்ணுக்குத் தெரியாத கல்லறைகளாக உள்ளே கிடக்கின்றன. அதனால் குறிப்பு நிற்பதற்குத் தரை மிஞ்சுகிறது. கூகுள் டாக்ஸில் சொல் முழுவதும் போய்விட்டால் ஓரத்திலிருந்து குறிப்பு மறைந்து, கருத்துகளின் வரலாற்றுப் பட்டியலில் மட்டும் இருக்கும். பலர் அந்தப் பட்டியலைத் திறந்தே பார்த்ததில்லை. ‘நான் எழுதியதை அழித்துவிட்டார்கள்’ என்ற மனத்தாங்கல்களில் ஒரு பகுதி இங்கே பிறப்பது.

விளிம்பும் தொல்லைதான். தடித்த எழுத்தில் உள்ள சொல்லின் முடிவில் தட்டினால் புது எழுத்தும் தடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குறிப்பு வைத்த சொல்லின் முடிவில் தட்டினால் குறிப்பு நீளக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். இரண்டும் ஒரே இடம், இரண்டு விதி. இங்க் அண்ட் ஸ்விட்ச் என்ற ஆய்வுக்குழு இந்த விளிம்புகளுக்காகவே பெரிடெக்ஸ்ட் என்று ஒரு முறையை உருவாக்கியது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது நூல் பிரிக்கிற வேலையாகப் படும்.

இவ்வளவும் செய்தாலும் இயந்திரம் தரும் உறுதி ஒன்றே ஒன்று: எல்லோரும் ஒரே வாசகத்தைப் பார்ப்பார்கள். அந்த வாசகத்துக்குப் பொருள் இருக்கும் என்று அது சொல்லவில்லை. ‘மளை’ என்று ஒரு பிழை இருக்கிறது என்போம். இரண்டு ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டு இருவருமே ளகரத்தை அழித்து ழகரம் தட்டுகிறார்கள். இரண்டு அழிப்புகளும் ஒரே குறியின்மேல் நடந்ததால் ஒன்றாகிவிடும். இரண்டு நுழைப்புகளும் தனித்தனி. இரண்டுமே உயிரோடு இருக்கும். விளைவு ‘மழழை’. இருவரும் சரியாகத் திருத்தினார்கள், இயந்திரமும் சரியாகச் சேர்த்தது, சொல் மட்டும் கெட்டது. நேரடியாகத் திருத்தாமல் ‘இப்படி மாற்றலாம்’ என்று முன்மொழிந்துவிட்டு ஒருவர் ஏற்றுக்கொள்ளும் முறை இதற்குத்தான் தேவை. கூகுள் டாக்ஸில் அது 2014இல் வந்தது. கையேட்டுக் குழுவில் யாருக்காவது ஒரே ஒரு விதி சொல்ல வேண்டுமென்றால், எல்லோரையும் அந்த முறையில் வைத்து, ஏற்கும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுங்கள் என்பேன்.

தமிழுக்கென்று தனியாக இரண்டு பள்ளங்கள் உண்டு. ‘கொழுந்து’ என்ற சொல்லின் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், எகரக் குறி, கால் என்று மூன்றாக. திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது; ஆனால் எல்லா மென்பொருளும் அந்த விதியை நடத்துவதில்லை. நடத்தாத கருவியில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றது அகப்படாது. இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால் எவரும் தொடாத சொல்லெல்லாம் ‘மாறியது’ என்று வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும். மீளாய்வாளர் அந்த வண்ணக் காட்டுக்குள் உண்மையான மாற்றத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது பள்ளம் பாமினி. இலங்கையில் தட்டச்சுப் பழகிய ஒரு தலைமுறைக்கே அந்த எழுத்துருதான் தமிழ். அதில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது. மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். யூனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருந்தும், பாடசாலை வினாத்தாள், சங்கக் கடிதம், அலுவலகச் சுற்றுநிருபம் என்று நம் கையில் கிடைக்கும் பழைய கோப்புகளில் எத்தனையோ பாமினியில். அதைப் பகிர்ந்த ஆவணத்தில் ஒட்டினால் போர்வை நழுவி ஆங்கிலக் குப்பை தெரியும். சொல் தேட முடியாது. எழுத்துப் பிழை பார்க்கும் கருவி ஓடாது. குறிப்பு வைக்கலாம், ஆனால் எதன்மேல் வைக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மீளாய்வு தொடங்கும் முன் மாற்ற வேண்டும். நடுவில் மாற்றினால் அதுவரை வந்த எல்லாக் குறிப்பும் தரையிழக்கும்.

இனி இயந்திரத்தை விட்டு மனிதருக்கு வருவோம். பகிர்ந்த ஆவணத்தில் எல்லோருடைய குறிப்பும் எல்லோருக்கும் உடனே தெரிகிறது. இது வசதி என்றுதான் விற்கிறார்கள். முச்னிக், அரல், டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செய்தித் தளம் ஒன்றில் வாசகர் கருத்துகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை எடுத்து, சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு ஆதரவு வாக்கை முன்கூட்டியே போட்டுவைத்தார்கள். அந்த ஒரு வாக்கைப் பார்த்த அடுத்த வாசகர் தானும் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. எதிர் வாக்குப் போட்டவற்றை மற்றவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள். பொய்ப் பாராட்டை மட்டும் யாரும் சரிக்கட்டவில்லை.

அறிமுகமில்லாதவர்களிடையே இப்படியென்றால், தோட்டச் சூழலில் நினைத்துப் பாருங்கள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். துரை சொன்ன பிறகு கணக்கப்பிள்ளை பேசுவதில்லை, கணக்கப்பிள்ளை சொன்ன பிறகு மற்றவர் பேசுவதில்லை என்ற பழக்கம் லயத்தை விட்டு வெளியேறிப் படித்து உத்தியோகம் பார்த்தாலும் உடம்பை விட்டுப் போக நாளாகிறது. வரைவின் முதல் பக்கத்தில் அதிபர் ‘மிகச் சிறப்பு’ என்று குறிப்பு வைத்துவிட்டால், அதற்குக் கீழே இளம் ஆசிரியை ‘இந்த மழைவீழ்ச்சி அளவு தவறு சேர்’ என்று எழுதத் துணிவாரா? வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒருவர் குறிப்பு வைத்துவிட்டாலோ, பேச்சே முடிந்தது.

தேயிலை வணிகம் இந்த இடத்தில் தற்செயலாகவோ அனுபவத்தாலோ புத்தியாக அமைந்திருக்கிறது. தரகர் தன் அறையில் சுவைத்து மதிப்புப் போடுகிறார். வாங்குபவர் ஒவ்வொருவரும் மாதிரியைப் பெற்றுத் தத்தம் அறையில் சுவைக்கிறார்கள். செவ்வாயும் புதனும் ஏலம் கூடும்போதுதான் ஒருவர் நினைத்தது மற்றவருக்குத் தெரியும். தனித்தனியாக உருவான மதிப்பீடுகளைச் சேர்த்தால் கிடைக்கும் பலம் பற்றி 1907இல் பிரான்சிஸ் கால்ற்றன் எழுதியது புகழ்பெற்றது: கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்த 787 சீட்டுகளின் நடு மதிப்பு 1207 இறாத்தல், உண்மை எடை 1198. ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்திருந்தால் கணக்கு இவ்வளவு கிட்ட வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கையேட்டுக் குழு செய்யக்கூடியது எளிது. முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி, ஒரே நாளில் கெடு. குறிப்புகள் வந்தபின் ஒருவர் அவற்றை முதன்மைப் பிரதியில் சேர்க்க வேண்டும். எழுதியவர் பெயரை அந்தச் சுற்றில் விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றில்தான் எல்லோரும் ஒரே ஆவணத்தில் கூடிப் பேசுவது. நேரம் பிடிக்கும், உண்மை. ஆனால் அதிபரும் இளம் ஆசிரியையும் ஒரே தவறைத் தனித்தனியாகச் சுட்டியிருந்தால் அதன் எடை வேறு.

குறிப்புக்கு இன்னொரு முனையும் உண்டு. ஒரு முனை வாசகத்தில் நிற்கிறது. மறுமுனை யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். கருவிகளில் குறிப்பை ஒரு பெயருக்கு ஒப்படைக்கும் வசதி இருக்கிறது, பெரும்பாலும் பயன்படுவதில்லை. ‘இது சரிபார்க்கப்பட வேண்டும்’ என்ற செயப்பாட்டு வினையைத் தமிழில் எவ்வளவு அழகாக எழுதினாலும் சரிபார்க்கப்போவது யார் என்பது அதில் இல்லை.

இப்படி மறுமுனை யார் கையிலும் இல்லாத குறிப்புக்கு இதே பதுளை மாவட்டத்தில் உச்ச உதாரணம் ஒன்று இருக்கிறது. பாடக் கையேட்டோடு சேர்த்துச் சொல்ல மனம் கூசுகிறது, இருந்தும் விடுவதற்கில்லை. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது. எந்த இடம் என்பதும் தெரிந்திருந்தது. வாசகத்தின் பக்கத்து முனை உறுதியாக நின்றது. மாற்றுக் காணியும் வீடும் கொடுத்து மக்களை நகர்த்துவது தோட்ட நிர்வாகமா, பிரதேச செயலகமா, அமைச்சா என்ற மறுமுனைதான் அந்தரத்தில் தொங்கியது. போக இடமில்லாதவரிடம் ‘இங்கே இருக்காதே’ என்று சொல்வதைக் கருத்துத் தெரிவித்தல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே நிறுவனம் மழைக்கு விடும் மண்சரிவு எச்சரிக்கையின் அமைப்பு வேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்ற படிகள். அளவு தெரியும், படி தெரியும், ஒவ்வொரு படியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சுவைஞரின் ‘பேக்கி’யும் இந்த வகை. ஆவணத்தில் குறிப்பெழுதுபவர்கள் தமக்குள் மூன்று நான்கு சொற்களை இப்படி முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்: தகவல் தவறு என்றால் ஒரு சொல், வசனம் விளங்கவில்லை என்றால் ஒரு சொல், என் விருப்பம் மட்டும் என்றால் வேறொரு சொல். மூன்றாவது வகையைப் பிரித்துவிட்டாலே வரைவெழுதியவரின் பாதிச் சுமை இறங்கும். நான் பார்த்தவரை ஆசிரியர் குழுக்களில் சண்டை வருவதெல்லாம் விருப்பத்தைத் தவறென்று எழுதுவதால்தான்.

கடைசியாக, தட்டச்சே செய்யாதவர்கள். கையேட்டில் தோட்டத்து வேலை பற்றி ஒரு பகுதி இருந்தால் அதைச் சரிபார்க்கத் தகுதியுள்ளவர் மலையில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவாக இருக்கலாம். அவர் ஓரக் குறிப்பு வைக்கப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். ‘அது அப்படியில்ல தம்பி, வங்கிக் கொழுந்த அப்படியே எடுக்கமாட்டோம், ஒடிச்சுப் போட்டிருவோம்’ என்று, வளர்ச்சி நின்ற கொழுந்தைப் பற்றி, நாற்பது விநாடி. உள்ளடக்கத்தில் அதுதான் கையேட்டுக்கே கிடைத்த மிகச் சிறந்த மீளாய்வாக இருக்கும். ஆனால் குரல் பதிவு எந்த வசனத்திலும் ஒட்டாது. குழுவில் அடுத்த நாள் வந்த வாழ்த்துப் படங்களுக்குக் கீழே புதைந்துபோகும்.

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஓர் எண்ணைப் போடுங்கள். வாசித்துக் காட்டும்போது எண்ணையும் சேர்த்து வாசியுங்கள். பேசுபவரையும் எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். குழுவில் ஒருவர் அன்றன்றே கேட்டு அந்தப் பத்தியின் ஓரத்தில் எழுதிவைக்கட்டும், பேசியவர் சொன்ன சொற்களிலேயே. எண்களைக் கையால் தட்ட வேண்டும். தானாக ஓடும் வரிசை எண் கூடாது, அது ஒரு பத்தி கூடினால் கீழுள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடும். சட்டப் புத்தகங்களில் நீக்கிய பிரிவின் எண்ணை அடுத்த பிரிவுக்குக் கொடுக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று அப்படியே விட்டுவைப்பார்கள். கையேட்டிலும் 17ஆம் பத்தி போய்விட்டால் 16க்கு அடுத்தது 18தான். அச்சுக்குப் போகும் நாளில் எல்லா எண்களையும் ஒன்றாக எடுத்துவிடலாம்.